‘தே கியேரோ’வுக்குத் தமிழ் தேடிய வாரம்

ஸ்பெயின் நாட்டுப் படத்தில் ஒருவன் யன்னல் திரையை விலக்கி எதிர்வீட்டைப் பார்க்கத் தொடங்கினான் என்றால், கையில் இருக்கும் தேநீரை மேசையில் வைத்துவிடுங்கள். இனிப் படம் முடியும்வரை உங்களுக்கு நிம்மதி இல்லை. அவன் படிக்கட்டில் நிற்பான், மழையில் நிற்பான், அவள் போகிற பேக்கரியில் நிற்பான். வேலைக்கு மட்டும் போகமாட்டான். இவர்களுக்கெல்லாம் யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நான் பல வருடங்களாக யோசித்திருக்கிறேன், இன்னும் விடை கிடைக்கவில்லை.

புதிதாக சப்டைட்டில் எழுத வந்திருக்கும் பிள்ளைகளான உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எந்த மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று என்னிடம் கேட்காதீர்கள். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின், அதாவது கடைத்தொகுதியின், மேல்மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில், புலம்பெயர்ந்த தமிழருக்கான ஒரு படச் சேவைக்காக, ஸ்பானிஷ் படங்களுக்குத் தமிழ் எழுதியவள் நான். அதிலும் எங்களுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் காதல் பித்துப் பிடித்த படங்கள். ஒருத்தன் ஒருத்தியை நினைத்து நினைத்தே பைத்தியமாவான், இல்லையென்றால் ஒருத்தி ஒருத்தனை நினைத்து. எங்கள் சனம் அவற்றை விரும்பிப் பார்த்தது. எனக்கும் உள்ளூர ஆசைதான், சும்மா ஏன் பொய் சொல்ல.

ஸ்பானிஷ் எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். பார்க்டேலில் குடியிருந்த காலத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஆங்கிலம் பழகலாம் என்று போன இடத்தில் வலப்பக்கம் மெக்சிகோக்காரி, இடப்பக்கமும் மெக்சிகோக்காரி. ஆங்கிலம் வரவில்லை, ஸ்பானிஷ் வந்துவிட்டது. இதில் ஒரு வில்லங்கமும் இருந்தது. ஸ்பெயினில் பஸ் பிடிப்பதற்கும் டாக்சி பிடிப்பதற்கும் சொல்லுகிற ஒரு சாதாரண வினைச்சொல், மெக்சிகோப் பெண்களின் வாயில் படுமோசமான வேறொன்று. நான் எழுதிய முதல் ஸ்பெயின் படத்தில், கதாநாயகி தன் தாயிடம் பஸ்ஸைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னபோது ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். என்ன குடும்பம் இது என்று நினைத்தேன். ஆகவே முதல் விடயம், நீங்கள் மொழியை யாரிடம் பழகினீர்களோ அவர்கள் உங்கள் காதுக்குள் எப்போதும் இருப்பார்கள் என்பதை மறக்கவேண்டாம்.

நான் சொல்ல வந்தது இன்னொரு சொல்லைப் பற்றி. ‘தே கியேரோ.’ ஸ்பெயின்காரர் தாய்க்குச் சொல்வதும் இதுதான், காதலிக்குச் சொல்வதும் இதுதான். உன்னை நேசிக்கிறேன் என்று அர்த்தம். ஆனால் கோப்பிக் கடையில் போய் நின்று எனக்கு ஒரு கோப்பி வேண்டும் என்று கேட்பதற்கும் அதே கியேரோதான். அன்பும் வேணுமும் ஒரே சொல்லுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. அவர்களுக்கு அது வசதி. எனக்குத்தான் தலையிடி.

ஒரு பெப்ரவரி மாதம். அந்த மாதம் வந்த படத்தில் நாயகன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஒரு பெண் தன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கடைக்கு வருகிறாள். அவன் புதிதாகச் செய்து கொடுக்கிறான், ஆனால் பவரைக் கொஞ்சம் பிழையாக வைத்து. அவளுக்குத் தலை வலிக்கும், திரும்பி வருவாள் அல்லவா? வருகிறாள். மறுபடியும் கொஞ்சம் பிழை. பிறகு அவள் தெருவுக்கே குடிவருகிறான். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவன் அவளைப் பார்த்து ‘தே கியேரோ’ என்கிறான், பார்ப்பவர்களுக்கு இனிக்கிறது. கடைசிக் காட்சியில் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று அதையே சொல்கிறான், பார்ப்பவர்களுக்குப் பயம் பிடிக்கிறது. சொல் மாறவில்லை. படத்தின் கெட்டித்தனமே அதுதான்.

நான் முதலில் எழுதியது, ‘நீ எனக்கு வேணும்.’ எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் படத்தையும் வெளியே விடமுன் மதிய நேரத்தில் ஒரு சாதாரண ஆளைக் கூட்டிவந்து போட்டுக் காட்டுவோம். பெரும்பாலும் அது கீழே தையல்கடை வைத்திருந்த நசீமாதான். யாழ்ப்பாணத்து முஸ்லிம், என் வயதுக்காரி, வாயில் ஊசி இருந்தாலும் பேசக்கூடியவள். அன்று சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். நாயகன் முதல்முறை அந்த வசனத்தைச் சொன்னதும் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிவிட்டாள்.

“எங்கை போறாய்?” என்றேன்.

“உவன் கூடாதவன் எண்டு தெரிஞ்சுபோச்சு. பிறகென்னத்தைப் பாக்கிறது? எனக்குக் கீழை ரெண்டு பிளவுஸ் கிடக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. படம் கடைசியில் சொல்ல வைத்திருந்ததை நான் தொடக்கத்திலேயே போட்டு உடைத்திருக்கிறேன்.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்த மாதப் படங்களுக்குக் காதல் மாதம் என்று பெயர் வைத்து விளம்பரமும் அடித்துவிட்டார். “காதல் எண்டு வெளியிலை போட்டிட்டு உள்ளுக்கை வேணும் வேணும் எண்டு கத்தினா ஆர் பாக்கிறது? ‘உன்னைக் காதலிக்கிறேன்’ எண்டு போடுங்கோ” என்றார். சரி என்று அப்படியே மாற்றினேன். அடுத்த நாள் நசீமா முழுப்படத்தையும் பார்த்தாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்தாள்.

“பாவம் பெடியன். எவ்வளவு அன்பாச் சொல்லுறான். அவளுக்கு ஏன் விளங்கேல்லை?”

அப்போதுதான் பின்னால் இருந்து ஒரு சத்தம் வந்தது.

“அன்ரி, அவன் அவளுக்குப் பிழையான கண்ணாடி குடுத்தவன்!”

கத்தியது தர்ஷினி. நான் எழுதும் வரிகளைப் பேச்சோடு பொருத்தி, எது எப்போது திரையில் வரவேண்டும், எப்போது மறையவேண்டும் என்று பார்ப்பது அவள் வேலை. அதிர்ந்து பேசாத பிள்ளை. அடுத்த மாதம் கலியாணம், மண்டபமும் எடுத்தாகிவிட்டது, கூறைச் சேலைக்கான பிளவுஸ் துணி நசீமாவின் கடையில்தான் இருந்தது.

“அது அன்பிலை குடுத்தது பிள்ளை” என்றாள் நசீமா சமாதானமாக.

தர்ஷினி எழும்பிக் கழிவறைக்குப் போய்விட்டாள். போய்ப் பார்த்தால் முகத்தைக் கழுவிக் கழுவி அழுதுகொண்டிருந்தாள்.

அவளுக்கு நிச்சயித்திருந்த கஜனை எங்கள் எல்லோருக்கும் காரை வைத்துத்தான் தெரியும். மில்லிக்கனில் இருக்கும் தன் வீட்டிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் வந்து பிளாசா வாசலில் காத்து நிற்பான். குளிருக்குள் பஸ்ஸுக்கு நிற்கவேண்டாம் என்பான். மத்தியானம் சாப்பிட்டாயா என்று போன் எடுப்பான். அவளுடைய போன் கணக்கைத் தன்னுடையதோடு சேர்த்துவிட்டான். பிளவுஸின் கை எவ்வளவு நீளம் என்று நசீமாவுக்குச் சொன்னவனும் அவன்தான். ‘குடுத்து வைச்சவள் நீ’ என்று அலுவலகம் முழுவதும் அவளைப் பகிடி பண்ணுவோம். அவளும் சிரிப்பாள். இதில் ஒன்றையும் அவன் அவளைக் கேட்டுச் செய்யவில்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“நாள் முழுக்க அந்தப் படத்திலை வாறவன்ரை குரல் காதுக்குள்ளை அன்ரி” என்றாள் தர்ஷினி. “தே கியேரோ, தே கியேரோ எண்டு திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கிறன். நேற்று கஜன் கார்க் கதவைத் திறந்துவிடேக்கை எனக்குப் பயமா இருந்தது. எனக்குத் தெரியேல்லை அன்ரி. அவருக்கு என்னிலை காதலோ, இல்லாட்டி நான் வேணுமோ?”

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த வேலையில் நெருக்கடி என்பது கணினி நின்றுபோவதல்ல. ஒருவர் உங்களை நம்பி ஒரு கேள்வி கேட்க, உங்கள் வாயில் ஏற்கனவே ஒரு பதில் தயாராக இருக்கிறதே, அதுதான் நெருக்கடி. என் வாயில் இருந்த பதில், ‘விட்டிட்டு ஓடு பிள்ளை’ என்பது. அத்தனை படங்கள் பார்த்தவள் நான். காத்து நிற்கும் கார், மத்தியானப் போன், சேர்த்துவிட்ட கணக்கு எல்லாம் எனக்கு நன்றாகப் பழக்கமான காட்சிகள்.

ஆனால் முதல்நாள் நசீமா சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு போனது நினைவில் இருந்தது. அதனால் வாயைக் கடித்துக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியம் இல்லை.

“நீ என்ன செய்யப் போறாய்?” என்று மட்டும் கேட்டேன்.

அவள் யோசித்தாள். “இந்தக் கிழமை என்னை ஏத்த வரவேண்டாம் எண்டு சொல்லப்போறன். நானாக் கூப்பிட்டால் மட்டும் வரட்டும்.”

அங்கேயே நின்று போன் எடுத்தாள். வரவேண்டாம் என்று சொன்னாள். மறுபக்கத்தில் ‘சரி’ என்றது கேட்டது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் நல்ல பனி. நேரத்தோடு இருட்டிவிட்டது. அண்ணை யன்னலடிக்குப் போனவர் அப்படியே நின்றார்.

“அது உவன்ரை கார் இல்லையோ?”

எல்லோரும் ஓடினோம். பிளாசாவின் மூலையில், விளக்கு வெளிச்சம் படாத இடத்தில் கஜனின் கார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தர்ஷினி யன்னலை விட்டு ஒதுங்கிச் சுவரோடு நின்றாள். அண்ணைக்கு வீரம் வந்து, மகனுடைய ஹொக்கி மட்டையை எங்கே வைத்தேன் என்று அலுமாரிக்குள் தேடத் தொடங்கினார். பொலிசைக் கூப்பிடவேண்டும் என்றார், பிறகு மட்டை இருந்தால் பொலிஸ் தேவையில்லை என்றார். பயத்துக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்தது. யன்னல் திரையை விலக்கி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது நாங்கள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் படங்களில் இந்த வேலையைச் செய்கிறவன் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

“நீ போய்க் கேள்” என்று தர்ஷினியிடம் சொன்னேன். “நான் கதவடியிலை நிக்கிறன். நீ கையைக் காட்டினா அடுத்த நிமிசம் அண்ணை, மட்டை, பொலிஸ் எல்லாம் கீழை வரும்.”

நாங்கள் கீழே இறங்கவும் கஜன் பிளாசாவின் ரேக்அவுட் சாப்பாட்டுக் கடையிலிருந்து வெளியே வரவும் சரியாக இருந்தது. அவன் காரில் இருக்கவே இல்லை. கையில் ஒரு கடதாசிப் பை, அடியில் எண்ணெய் ஊறியிருந்தது. அவளைக் கண்டதும் பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவன் போல நின்றான்.

“அம்மா ரோல்ஸ் வாங்கிவரச் சொன்னவா. வீட்டிலை ஆக்கள் வந்திருக்கினம்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கடைக்காரப் பெண் கதவைத் திறந்து கத்தினாள். “தம்பி, சோஸை விட்டிட்டுப் போறீர்!”

அவன் போய் வாங்கிக்கொண்டு வந்தான். தர்ஷினி அசையவில்லை.

“மில்லிக்கனிலை ரோல்ஸ் கடை இல்லையோ?”

அவன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். சூடாக இருந்திருக்கவேண்டும். “இருக்கு” என்றான். “மேலை லைற் எரியுதோ எண்டு ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான். நீர் வரவேண்டாம் எண்டு சொன்னனீர். ஏத்த வரேல்லை. ஆனா வந்ததும் உண்மைதான்.”

அதைக் கேட்டதும் அவனைப் பற்றிய என் எண்ணம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. எங்கள் படங்களில் எவனும் இப்படி ஒப்புக்கொண்டதில்லை.

“கஜன், நான் ஒண்டு கேப்பன், உண்மை சொல்லும்” என்றாள். “உமக்கு என்னிலை காதலோ, இல்லாட்டி நான் வேணுமோ?”

பாவம், பனிக்குள் ரோல்ஸோடு நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? அவன் என்னையும் ஒருமுறை பார்த்தான். நான் வேண்டுமென்றே மேலே பார்த்தேன். காதல் என்ற சொல்லைச் சொல்லிப் பழகிய முகம் இல்லை அவனுடையது. எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தச் சொல் படத்தில் வருவது, வாயில் வருவதல்ல.

“எனக்கு உம்மிலை விருப்பம்” என்றான் கடைசியில். “அதுக்குள்ளை ரெண்டும் இருக்குத்தானே?”

அவள் இருட்டில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தாள்.

“இப்பிடி வந்து நிண்டது உமக்குப் பிடிக்கேல்லையோ?” என்று கேட்டான்.

“பிடிக்கேல்லை. பயந்துபோனன்.”

“சரி” என்றான். கார்க் கதவைத் திறந்து, பையை உள்ளே வைத்து, பிறகு நிமிர்ந்து, “நாளைக்கும் வரமாட்டன்” என்றான். போய்விட்டான்.

நான் படியேறி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். விருப்பம். அந்தச் சொல் எனக்குத் தெரியாமலா இருந்தது? முதல் நாளே நினைத்துத் தள்ளிவிட்டேன். எனக்கு இடியப்பம் விருப்பம், கத்தரிக்காய் விருப்பமில்லை என்று சொல்கிற சொல், இதைப் போய்க் காதல் படத்தில் போடுவதா என்று. கோப்பிக்கும் காதலிக்கும் ஸ்பெயின்காரருக்கு ஒரே சொல் என்று தலையிடிப்பட்டவளுக்கு, இடியப்பத்துக்கும் காதலுக்கும் எங்களிடம் ஒரே சொல் இருப்பது கண்ணில் படவில்லை. அவனுக்கு அவளில் விருப்பமாம் என்று நாங்கள் நாள்தோறும் கதைக்கிறோம். ஆசையும் அதற்குள் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. எது எவ்வளவு என்று சொல்கிறவனின் நடத்தையைப் பார்த்துத்தான் தெரியவேண்டும். எல்லா இடத்திலும் ‘உன்னில் எனக்கு விருப்பம்’ என்று மாற்றினேன். எனக்கு அன்று அவ்வளவு சந்தோசம். தர்ஷினிக்கு முன்னால் அதைக் காட்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

அவளோ பக்கத்துக் கதிரையில் ஹெட்போனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

“உண்மையைச் சொன்னவர்தான்” என்றாள் மெல்ல. “ஆனா நாளைக்கு வராமல் இருப்பாரோ தெரியாது.”

“எனக்கும் தெரியாது” என்றேன். என்னிடமிருந்து யாரும் அதிகம் கேட்டிராத வசனம் அது.

நசீமாவை மூன்றாம் தடவையும் பிடித்து இழுத்து வந்தோம். நாயகன் முதலில் சொன்னபோது வெட்கப்பட்டுச் சிரித்தாள். பூட்டிய கதவுக்கு வெளியே அவன் சொன்னபோது தலைத்துணியை இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். “இவ்வளவு நேரமும் இதைத்தானே சொன்னவன்?” என்றாள். “அப்ப நல்லாத்தானே இருந்தது?”

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. விளம்பரத்தில் காதல் என்று போட்டாயிற்றே என்று அண்ணை கொஞ்சம் முகத்தைத் தூக்கினார். காதல் மாதத்தில் நாலு விருப்பம் வந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகவே பிள்ளைகளே, படம் பார்க்கிறவருக்குத் தெரியமுன் உங்களுக்குத் தெரிந்துவிட்டதை வரிக்குள் நுழைக்காதீர்கள். உங்களுக்கு முடிவு தெரியும், அது உங்கள் கெட்டித்தனமல்ல, நீங்கள் முதலே பார்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நல்லவன் பேசும்போது தேனையும் கெட்டவன் பேசும்போது உறைப்பையும் தடவவேண்டாம். அவன் என்ன சொன்னானோ அதைச் சொல்லுங்கள், மிச்சத்தை அவன் செய்யட்டும். நான் கஜனுக்கு, அவன் வாயைத் திறக்கமுன்னமே சப்டைட்டில் போட்டு வைத்திருந்தேன். நல்லவேளை, அதை வெளியே விடவில்லை.

அந்தக் கிழமை மிச்ச நாளெல்லாம் பின்னேரமானால் எல்லோரும் யன்னலைப் பார்க்காததுபோல் பார்த்தோம். கார் வரவில்லை. மத்தியானப் போனும் வரவில்லை. தர்ஷினி பஸ்ஸில் போனாள், பஸ்ஸில் வந்தாள். நசீமா பிளவுஸை வெட்டாமல் துணியாகவே மடித்து வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால், கத்தரிக்கோல் மொட்டை என்றாள்.

வெள்ளிக்கிழமை படத்தை அனுப்பிவிட்டு எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நசீமாவும் மேலே வந்திருந்தாள். தர்ஷினி திடீரென்று போனை எடுத்தாள். எங்களுக்கு முன்னாலேயே பேசினாள்.

“கஜன், இண்டைக்கு வாறீரோ?”

மறுபக்கத்திலிருந்து ஏதோ சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தேநீரை மேசையில் வைத்துவிட்டேன். பிறகுதான் கண்டேன், பிள்ளை சிரித்துக்கொண்டு அழுகிறாள். போனைக் கையால் மூடி எங்கள் பக்கம் திரும்பினாள்.

“என்னைக் கேக்கிறார் அன்ரி” என்றாள். “எத்தினை மணிக்கு வாறது எண்டு கேக்கிறார்.”